பொய் வைகறையும் ஒரு கிணறும்

வைகறைகள் இரண்டு என்று சிறு வயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். முதலில் வருவது சுபஹு காதிப், பொய் வைகறை. அது கிழக்கு வானில் ஓநாயின் வாலைப்போல் மேல்நோக்கி நீண்டு தோன்றிப் பின்னர் மங்கிவிடும். அடுத்து வருவது சுபஹு சாதிக், மெய் வைகறை. அது அடிவானத்தில் இடமும் வலமுமாகப் பரவும், பரவியபின் குறையாது. நோன்பு தொடங்குவதும் சுபஹுத் தொழுகையின் நேரம் நுழைவதும் இந்த இரண்டாவதைக் கொண்டுதான். முதலாவதும் ஒளிதான். அதற்கும் அழகு உண்டு. ஆனால் அதை நம்பித் தொழுதால் அத்தொழுகை நிறைவேறாது.

அந்தப் பழைய பாடம் கடந்த வருடம் ஒரு கையடக்கத் தொலைபேசியின் திரையில் மீண்டும் என் முன்னால் வந்து நின்றது.

ஆசிரியர் செயலமர்வொன்றுக்காகக் கல்முனைக்குப் போயிருந்தேன். இரவு மருதமுனையில் சாச்சி வீட்டில் தங்கினேன். எங்களுடையது கடலில்லாத ஊர். அங்கே வயலுக்கு அப்பால் மரங்களுக்கு மேலே ஏறிய பின்னர்தான் சூரியன் கண்ணில் படும். எனவே சுபஹு ஜமாஅத் முடிந்ததும் கடற்கரைக்கு நடந்தேன். மெய் வைகறைக்கும் சூரியன் எழுவதற்கும் இடையில் நம் நாட்டில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் இருக்கிறது. வானம் நிறம் மாறுவது அந்த இடைவெளியில்தான். நாம் பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழ நிமிர்ந்தே எழுகிறது. விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு மேலே வர இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே செல்லும். அந்தக் கணத்தில் தொழுவது விலக்கப்பட்டிருக்கிறது, பார்ப்பது விலக்கப்படவில்லை.

முதற் படத்தில் வானம் வெளிறிப்போயிருந்தது. திரையில் சூரியன்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன். வானம் சிவந்தது, கரை இருண்டது. பத்துப் பதினைந்து படங்கள் எடுத்ததில் ஒன்று வாய்த்தது. கடலைத் தொட்டபடி சூரியன், ஈர மணலில் அதன் ஒளிப்பாதை, இடப்பக்கம் தூரத்தில் ஒரு வள்ளம். வலப்பக்கத்தில், மணலுக்கு மேலே மார்பளவு உயர்ந்து நிற்கும், வாய் உடைந்த ஒரு கொட்டுக் கிணறு.

திரும்பிவரும் பஸ்ஸில் படத்தைத் திருத்தினேன். சாய்ந்திருந்த அடிவானத்தை நேராக்கினேன். செம்மையைச் சற்றுக் கூட்டினேன். இருண்ட கரைக்கு வெளிச்சம் கொடுத்தேன். பின்னர் கிணற்றைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் கிணறு போய், அது நின்ற இடத்தில் மணலும் நுரையும் வந்தன. தொலைபேசியில் இடம் போதாமல் இருந்ததால் மற்றப் படங்களை அழித்துவிட்டேன். ‘மருதமுனைக் கரை, இன்று காலை’ என்று எழுதிக் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். மாஷா அல்லாஹ் என்று பலரும் எழுதினார்கள்.

முதல் மூன்று மாற்றங்களிலும் குற்றமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். திருத்தாத படமே உண்மையான படம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் ஒரு முறை அழுத்தும்போது இன்றைய தொலைபேசி பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. வெளிச்சம் மிகுந்த இடத்தைக் குறைத்து, இருண்ட இடத்தைத் தூக்கிவிடுகிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் அதன் கணக்கு, வைகறையின் செம்மையைக் குறையென்று எண்ணிக் கழுவிவிடுவதும் உண்டு. கழுவப்பட்டதைத் திரும்ப ஊட்டும்போது நான் கண் கண்டதை நோக்கித்தான் போகிறேன்.

கண்ணும் கலப்பற்ற சாட்சியல்ல. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் நேரத்தில், கணக்கின்படி சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கிறது. அந்த ஒளி சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிவிட்டது. செம்மை என்பதும் நீல ஒளி வழியில் சிதறிப்போக எஞ்சி வந்ததுதான். 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் ஏழு பாகங்களுள் மூன்றாவதைப் பார்வையின் பிழைகளுக்கே ஒதுக்கினார். இருட்டறையில் துளைவழி வரும் ஒளியை ஆராய்ந்த அந்த மனிதர் கண்ணை நம்பாதே என்று சொல்லவில்லை. எந்த நிலைமைகளில் கண் பிழைக்கும் என்று தேடினார். தன் பிழையை விசாரித்துக்கொண்டே பார்ப்பதுதான் நேர்மையான பார்வை.

நான் விசாரிக்காமல் விட்டது கிணற்றை.

அடுத்த மாதம் செயலமர்வின் இரண்டாம் பகுதிக்காகப் போனேன். சாச்சி வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுக் காக்கா இருந்தார். வயது எழுபதுக்கு மேல். கடற்றொழில் செய்தவர். சாச்சியின் பேரன் என் படத்தை அவருக்குக் காட்டினான். தொலைபேசியைத் தூரப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது எந்த ஊருக் கர தம்பி?”

“நம்மட கரதான் காக்கா.”

“நம்மட கரையெண்டா கிணறு எங்க?”

அழித்ததைச் சொன்னேன். படத்துக்கு அது வடிவாக இருக்கவில்லை என்றும் சொன்னேன்.

“அது எங்கட வளவுக் கிணறு தம்பி. அண்டைக்கு மகள் அந்தக் கிணத்தடியிலதான் நிண்ட. ஊடு, மதில், தென்ன எல்லாம் போயிட்டு. அது மட்டுந்தான் மிச்சம்.”

அண்டைக்கு என்றால் எது என்று அந்தக் கரையில் எவரும் கேட்பதில்லை. 2004 டிசெம்பர் 26. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோன நாள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அந்தக் கரை முழுவதும் மையித்துகளைச் சுமந்தது. பின்னர் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. பலர் உட்புறமாகக் குடிபெயர்ந்தார்கள். காக்காவும் அப்படி வந்தவர்தான்.

“கிணறு இரிக்கிற படம் இரிக்கா?” என்று கேட்டார்.

“இல்ல காக்கா. அழிச்சிட்டன்.”

அவர் கோபிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

அவர் போனபின் சாச்சியின் பேரன் என் பக்கம் நின்று பேசினான். அவன் 2004க்குப் பிறகு பிறந்தவன். “எங்கட ஊரப் படமெடுக்க வாறவங்க எல்லாம் ஒடஞ்ச கிணத்தையும் ஒடஞ்ச செவரையுந்தான் எடுக்கிறாங்க மாமா. எங்களுக்கு ஒரு வடிவான விடியல் இருக்கக் கூடாதா?”

நியாயமான கேள்வி. ஒரு தலைமுறை தன் ஊரை எந்நேரமும் இழவு வீடாகவே காட்ட வேண்டுமென்று கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியே இதை எழுதுகிறேன்.

கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று வள்ளத்தை மட்டும் எடுத்திருந்தால் அது பொய்யாகியிராது. வலப்பக்கத்தை வெட்டி எறிந்திருந்தாலும் பொய்யாகியிராது. படத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு. அவற்றுக்கு அப்பாலும் உலகம் இருக்கிறதென்று பார்ப்பவருக்குத் தெரியும். இவ்வளவைத்தான் காட்டுகிறேன் என்று ஓரம் ஒப்புக்கொள்கிறது. அழித்த இடத்துக்கு ஓரம் கிடையாது. அங்கே மணல் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆதியிலிருந்தே நான்தான் இங்கே இருக்கிறேன் என்கிறது. பார்ப்பவர் சந்தேகப்படுவதற்கு ஒரு வழியும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. இல்லையென்று சாட்சி சொல்வது வேறு.

கெமராப் படம் கூடுமா என்று நம் உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1914இல் எகிப்தின் முப்தியான முஹம்மத் பகீத் அல்முதீஈ கூடும் என்று எழுதினார். ஏற்கெனவே இருக்கும் நிழலைப் பிடித்து நிறுத்துவது படைப்பதாகாது என்பது அவர் காட்டிய நியாயத்தின் சாரம். அவர் பேசியது உயிருள்ளவற்றின் உருவங்கள் பற்றி. சூரியனும் கிணறும் அந்த விவாதத்துக்குள் வருவதில்லை. ஆனாலும் அந்த நியாயம் என்னை விடவில்லை. என் படத்தில் கிணறு நின்ற இடத்திலுள்ள மணல் எதன் நிழல்? எந்தக் கரையிலும் இல்லாத மணல் அது.

ஒரு காலைப் படத்துக்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று என் மனைவி கேட்டாள். சித்திரமென்று சொல்லி அனுப்பியிருந்தால் தேவையில்லை. நான் ஊரின் பெயரையும் நேரத்தையும் எழுதியிருந்தேன். எழுதிய உடனேயே சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டேன். பொய் வைகறையிலும் குறை அந்த ஒளியில் இல்லை. அதை நேரமென்று அறிவிப்பதில்தான் இருக்கிறது.

பொய் சொல்லும் நிய்யத் எனக்கு இருக்கவில்லை என்பது உண்மைதான். நிய்யத் எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. கிணறு காக்காவின் கணக்கில் உள்ளது. அடியார்களின் உரிமை என்று வரும்போது என் நல்லெண்ணம் மட்டும் போதாது.

வரலாற்றிலிருந்து எங்களை அழித்துவிட்டார்கள் என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுள் பலர், வருடங்களின் பின் திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக் காட்டைத்தான் கண்டார்கள். இங்கே எவரும் இருக்கவில்லையென்று நிலமே சொல்வதைக் கேட்க நேர்ந்த சமூகம் இது. அதே வேலையை நான் பஸ்ஸில் இருந்துகொண்டு விரல் நுனியால் செய்திருக்கிறேன்.

மறுநாள் சுபஹுக்குப் பின் மீண்டும் கரைக்குப் போனேன். வானம் மூடியிருந்தது. சூரியன் வெளிப்படவே இல்லை. சாம்பல் நிறக் கடலோடு சேர்த்துக் கிணற்றை எடுத்தேன். அடிவானத்தை நேராக்கியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. முன்னர் அனுப்பிய படத்தில் கிணற்றை அழித்திருந்தேன் என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். இம்முறை மாஷா அல்லாஹ் சொன்னவர்கள் இரண்டு பேர்.

கல்முனையில் அச்சிட்டு ஒரு பிரதியைக் காக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். படத்தின் வலது ஓரத்துக்கு வெளியே, வெறும் காற்றில் விரலை வைத்தார்.

“இஞ்சால இன்னங் கொஞ்சம் புடிச்சிருந்தா எங்கட குசினி இரிந்த எடமும் வந்திரிக்கும் தம்பி.”