பொல்லாப்புக்கு அஞ்சாதவர்

எங்கள் ஐயாவை, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுசன், யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல" என்பார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பலரைப் பல சொல் சொன்னவர். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னதால்தான் ஊருக்கு அவர் தேவைப்பட்டார். போய்ச் சேர்ந்தவர்களை நாம் மெல்ல மெல்ல மழுக்கிவிடுகிறோம். கண்ணீர் அஞ்சலி பேனரில் எல்லோருமே அனைவருக்கும் நல்லவர்கள்தான். அனைவருக்கும் நல்லவராக இருந்திருந்தால் அவரால் ஒரு கண்மாயைக் காப்பாற்றியிருக்க முடியாது.

சிவகங்கைச் சீமையில் பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத ஊர்களுக்குக் கண்மாய்தான் கதி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்துவைத்துத் தை, மாசிவரை ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. ராமநாதபுரம் பக்கத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்களுடையதற்கு மூன்றே மடை. ஆனால் மூன்று மடைக்கும் முந்நூறு மடைக்கும் வழக்கு ஒன்றுதான்: இருக்கிற தண்ணீர் கொஞ்சம், கேட்கிற கை அதிகம்.

அந்தக் கைகளுக்கு நடுவில் நின்றவர் ஐயா. அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. கணக்குப்பிள்ளை, மணியம் என்று பரம்பரையாக வந்த பதவிகளை 1980-ல் அரசு ஒழித்தபோது ஊரில் பலருக்குச் செல்வாக்கு போனது. ஐயாவுக்குப் போவதற்கு ஒன்றுமில்லை. உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல், 1991 முதல் 1996 வரை பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவர் இல்லாமல் கிடந்த ஆண்டுகளிலும் எங்கள் கண்மாய்க் கரையில் வேலை நடந்தது. எந்த வீட்டிலிருந்து குடிமராமத்துக்கு ஆள் வந்தது, எந்த வீடு ஆளும் அனுப்பாமல் கூலியும் கட்டாமல் டிமிக்கி கொடுத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குடிமராமத்துக்கு ஆள் தராதவரிடம் பணம் வசூலிக்க வெள்ளைக்காரர்கள் 1858-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் ஐயாவுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வாசலில் போய் நின்று கேட்பதுதான் அவர் அறிந்த சட்டம்.

கண்மாய் வற்றியபின் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடியும் முன்பே கரை முழுக்க ஆள் நிற்கும். ஊத்தா, கச்சா, தூரி, ஒன்றும் இல்லாதவர் கையில் பழைய கொசுவலை. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே மூச்சாகச் சேற்றில் இறங்குவார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தடையில்லை. விரால், கெளுத்தி, கெண்டை எனக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாம், காசுக்கு விற்கக் கூடாது. துண்டு விழும் முன் இறங்கியவர் நெருங்கிய சொந்தமானாலும் ஐயா கரையேற்றிவிடுவார். எங்கள் வீட்டு மருமகன் ஒருவரை அப்படி ஏற்றிவிட்டு, அன்று மத்தியானம் அவருக்கே தன் கையால் மீன் பரிமாறினார். அந்த மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டதைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

மடை விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நிலக்காரர் தானாகப் போய் மடையைத் திறக்கக் கூடாது. அதற்கு நீர்பாய்ச்சி இருக்கிறார். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே முங்கி அடைப்பை எடுப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை பிரித்துப் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. மழை பொய்த்த ஒரு வருஷம், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக மேல்மடை திறந்து கிடந்தது. யார் வயலில் தண்ணீர் நின்றது என்பதற்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அது ஐயாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் சின்ன ஐயாவின் வயல்.

ஊர்க்கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. ஐயாவே எழுந்து, "என் தம்பிதான் திறந்தான். ஊருக்கு என்ன தண்டமோ அதக் கட்டட்டும். அடுத்த முறை அவன் வயலுக்குத் தண்ணி கெடையாது" என்றாராம். சின்ன ஐயா தண்டத்தைக் கட்டினார். அதன்பிறகு அண்ணன் வீட்டுப் படியை வருஷக்கணக்கில் மிதிக்கவில்லை. என் அத்தை கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அந்தக் கல்யாணப் படத்தில் தாய்தகப்பனுக்குப் பக்கத்தில் சித்தப்பன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. ஐயா ஆளை நகர்த்தி அந்த இடைவெளியை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

ஊருக்கு நியாயம் சொல்கிறவன் வீட்டுக்கு ஆகமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. ஐயா விஷயத்தில் அதை நான் நம்பவில்லை. அவர் வெளியே ஒருவராகவும் உள்ளே ஒருவராகவும் வாழவில்லை. பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. என் அத்தைகள் எல்லோரும் முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது ஐயா அவர்களையும் சேர்த்தார். நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, இன்னும் என்ன என்று கேட்ட மகன்களில் என் அப்பாவும் உண்டு. "சட்டம் அவங்கள விட்டுருச்சு. நான் எப்புடி விடுறது?" என்றாராம். மகன்கள் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாங்கிக்கொண்டார். மூத்த அத்தை இளம்வயதில் தாலி இழந்து ஊர் திரும்பியபோது, யார் கையையும் எதிர்பார்க்காமல் கஞ்சி குடிக்க அப்படிப் பங்காக வந்த முக்கால் ஏக்கர்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது அப்பத்தாவைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஐயா வாங்கிய பொல்லாப்புக்கு வட்டி கட்டியவர் அவர்தான். கோபத்தோடு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து உட்காரவைத்தவர் அவர். ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகும்போது, சின்ன ஐயா வீட்டுப் பெண்கள் பேசிய ஏச்சை வாங்கிக்கொண்டு குடத்தோடு திரும்பியதும் அவர்தான். கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. பஞ்சாயத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1996-ல் தேர்தல் நடந்து, மூத்த அத்தை வார்டு மெம்பராகப் போய் உட்கார்ந்தபோதுதான் எங்கள் வீட்டுப் பெண் குரல் சபையில் கேட்டது. ஐயா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அப்பத்தாவிடம் ஒருநாளும் யோசனை கேட்டதாக நினைவில்லை.

ஐயா தொடாத பொல்லாப்பு இன்னொன்றும் உண்டு. முங்கி மடை திறந்த அந்த நீர்பாய்ச்சி, ஊரின் ஒவ்வொரு வயலையும் பற்றி ஐயாவைவிட நன்றாக அறிந்தவர், கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டுதான் பேசினார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தத் தம்பியை எதிர்த்து எழுந்தவர், "நீயும் உக்காருப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் கொதித்திருக்கும். பிறகு அடங்கியும் இருக்கும். அவர் சொல்லவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைக்கிறேன். பெரியவர்களைப் பத்திரப்படுத்துவதற்காக அவர்களின் குறையை மறைத்தால், மிஞ்சுவது போட்டோவுக்குப் போட்ட மாலைதான்.

ஐயா போனபிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நாங்கள் மோசமானவர்கள் ஆகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எல்லோரும் படித்தோம், மதுரை, சென்னை, சிங்கப்பூர் என்று போனோம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம். பொங்கலுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் ஊருக்கு வருகிறோம். இரண்டு நாள் இருக்கப்போகிற இடத்தில் யாரிடமும் முகம் முறிக்க மனம் வருவதில்லை. எல்லோருக்கும் நல்லவர்களாக இருந்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். "நமக்கெதுக்குப் பொல்லாப்பு" என்பதைப் பக்குவம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பயம். அதற்கு விலை உண்டு, அதை ஊரில் இருக்கிறவர்கள் கட்டுகிறார்கள்.

எங்கள் ஊர் அந்த விலையைக் கண்மாயில் கட்டியது. குடிமராமத்துத் திட்டத்தை 2017-ல் அரசு மீண்டும் கொண்டுவந்தபோது கரை உயர்ந்தது, கலுங்கு பூசப்பட்டது. ஆனால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் மூன்று இடங்களில் வேலிக்குள் போய்விட்டது. நல்ல மழை பெய்தும் கண்மாய் நிறைவதில்லை. மறுகால் போய்ப் பல வருஷமாகிறது. வேலி யாருடையது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரி, கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் போட்ட சட்டம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து மனு எழுத ஆள்தான் இல்லாமல் இருந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் வற்றிய கண்மாயின் படம் வரும். எல்லோரும் அழுகிற பொம்மை போடுவார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள்.

ஐயாவின் போன திவசத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். இலை எடுத்தபிறகு மூத்த அத்தை, எழுபதைத் தாண்டிய மனுஷி, கிராம வரைபட நகலை எடுத்து விரித்தார். வி.ஏ.ஓ.விடம் தானே அலைந்து வாங்கியது. "எழுதுடீ" என்றார் என்னிடம். நான் எழுதினேன். ஆக்கிரமிப்பில் இருக்கும் சர்வே எண்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மனு இப்போது தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது. சர்வேயர் அளக்க வரத் தேதி கேட்டிருக்கிறோம். மனுவில் முதலாவதாக இருப்பது என் சித்தப்பாவின், அதாவது ஐயாவின் கடைசி மகனின், மாட்டுக் கொட்டகை நிற்கும் இடம். அத்தையும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.