குழியும் ஊழும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பழைய செடான் கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடி பின் இருக்கையில் இருப்பவரின் இடுப்பில் விழுகிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "ரோடு அப்படி" என்பது ஒன்று, "வண்டிக்கு வயசாயிருச்சு" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் தேட வேண்டியதைத் தேடாமலே இரண்டும் கதவைச் சாத்திவிடுகின்றன. நேர்கிற துன்பத்தில் பொறுக்க வேண்டியது எது, பழுதுபார்க்க வேண்டியது எது என்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. ஊழ், விதி, பிராரத்தம் என்ற சொற்களெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றிப் பிறந்தவை. மனித வாழ்வில் இதற்கு முழு விடை காண்பது அரிது. காரில் காண முடியும். அதனால் காரிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் சாலை. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல் நிலம். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் பொங்கி எழுகிறது. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேலே போட்ட தார் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அலை அலையாக நெளிகிறது. கண்மாய்க்கரை ஓரங்களிலும் பாலத்தை ஒட்டிய இடங்களிலும் ஈரம் ஒரே சீராக இராது. அங்கே நெளிவு கூடும். பள்ளம் விழாத புதிய சாலையிலும் வண்டி படகுபோல ஆடுவது இதனால்தான்.

ஓட்டுநருக்கு இது கொடுக்கப்பட்ட ஒன்று. அவர் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது மட்டுமே. ஆனால் சாலை போடும் பொறியாளருக்கு இது கொடுக்கப்பட்டது ஆகாது. கரிசலோடு சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம். உப்பாத கிராவல் மண்ணைக் கனமாகப் பரப்பி அதன்மேல் சாலையை எழுப்பலாம். மழைநீர் தேங்காமல் ஓரத்தில் வாய்க்கால் வெட்டலாம். ஒருவருக்கு ஊழாக இருப்பது இன்னொருவருக்கு வேலையாக இருக்கிறது. ஊழைப் பற்றிய விவாதங்களில் இந்த இடம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது. 'இது விதி' என்ற வாக்கியம் யாருடைய இடத்திலிருந்து சொல்லப்படுகிறது என்று பார்க்காமல், அது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க முடியாது.

அடுத்தது வண்டி. சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று வில், அதாவது ஸ்பிரிங். மாட்டு வண்டிக்கு வில் பொருத்தி அதை வில்வண்டி என்று அழைத்த காலத்திலிருந்தே தமிழில் இதற்குப் பெயர் உண்டு. பழைய அம்பாசடரின் பின்பக்கம் அடுக்கிய எஃகுப் பட்டைகளாக இருந்தது இதுவே. இன்றைய கார்களில் சுருளாக இருக்கிறது. மற்றது ஷாக் அப்சார்பர். இரண்டுக்கும் வேலை வேறு. வில் அடியை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும், பிறகு அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய், சிறு துளைகள் வழியே நெருக்கப்பட்டு, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடும். வில் மட்டும் இருந்து ஷாக் செத்துப்போனால் ஒரு குழிக்கு ஒரு குலுக்கல் என்ற கணக்கு போய்விடுகிறது. முதல் குழியின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த குழி வந்து சேர்கிறது; முந்தியதும் பிந்தியதும் கலந்து, சாலையில் இல்லாத குழிகளும் இடுப்பில் விழுகின்றன. மனத்தில் படிந்து மீண்டும் மீண்டும் தலைதூக்கும் பதிவை வாசனை என்று சொல்லும் மரபுக்கு இது அயலான காட்சி ஆகாது. பட்டதை மறக்காத ஒன்றும், பட்டதை அடங்கவைக்கும் ஒன்றும் சேர்ந்திருந்தால்தான் பயணம் தாங்கும்படி இருக்கும்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செலவில்லாததில் தொடங்கி, கழற்ற வேண்டியதில் முடிய வேண்டும். முதலில் டயர் காற்று. ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் அந்த வண்டிக்கான அளவு ஒட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் குத்தும் ஊர்களில், மெல்ல இறங்கும் காற்றுக்கு ஈடாகக் கூடுதலாக அடித்து வைக்கும் பழக்கம் வந்துவிடக்கூடும். அப்படிக் கல்லாக்கப்பட்ட டயர் சிறு கல்லையும் உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. பிறகு டயரின் வயது. பக்கச்சுவரில் உள்ள எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். அதிகம் ஓடாமல் வீட்டு வாசலிலேயே வெயிலில் நிற்கும் காருக்கு இது முக்கியம்.

அடுத்து, வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட வேண்டும். எழுந்து உடனே நின்றால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் போய்விட்டது. அதன் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருப்பதும், டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. ஷாக் நன்றாக இருந்தும் டிக்கியில் சுமை ஏற்றியவுடன் 'டம்' என்று அடித்தால் வில் உட்கார்ந்திருக்கலாம்; அல்லது அடி முட்டாமல் காக்கும் ரப்பர் ஸ்டாப்பர் உதிர்ந்திருக்கலாம். குழியில் 'டக் டக்' என்று உலோக ஓசை வந்தால் லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக்கின் மேல் மவுண்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வழவழப்பான நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது மட்டும் நடுங்கினால் அது வேறு நோய்: வீல் பேலன்சிங். நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரத்திலும், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரத்திலும் முதலில் தேடுவார்கள்.

இந்த ஒழுங்கு தத்துவத்துக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் அறியும் வழிகளைப் பற்றிய அளவைப் பகுதியோடு தொடங்குகிறது. அளவைகள் பல என்று பலரும் சொன்னாலும் அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு. எண்ணெய்க் கசிவைக் கண்ணால் பார்ப்பது காட்சி. டயரின் தேய்மானத்திலிருந்து ஷாக்கின் நிலையை அறிவது கருதல். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றளவு உரை. புகையிலிருந்து நெருப்பை அறியலாம் என்பது கருதலுக்கு எல்லோரும் தரும் எடுத்துக்காட்டு. ஆனால் குலுக்கல் புகையைப் போல ஒரே காரணத்தைச் சுட்டுவதில்லை. ஒரே குலுக்கலுக்குப் பத்துக் காரணங்கள் இருக்க முடியும். எனவே எது இருக்கிறது என்று தேடுவதைவிட, எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து வருவதே நம்பத் தகுந்தது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் அந்த வரிசையிலேயே ஆராயச் சொல்கிறது. வரிசை மாறி, கையில் கிடைத்த பாகத்தை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு யோசிக்கும் பட்டறையில் பணம் போகும், குலுக்கல் போகாது.

'வயசாயிருச்சு' என்ற பதிலையும் இங்கே எடைபோட வேண்டும். வயது தனியே எதையும் செய்வதில்லை. வெப்பம் ரப்பரை இறுக்குகிறது, ஓசோன் அதில் வெடிப்பு விடச் செய்கிறது. சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறுகிறது. சுமையின்கீழ் எஃகு தளர்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு மாற்றும் உண்டு. அனைத்தையும் சேர்த்துக் காலம் என்று ஒரே பெயரிட்டதும் பழுது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. முதியவரின் மூட்டுவலிக்கும் மங்கும் பார்வைக்கும் இதே பதில் சொல்லப்படும்போது இழப்பு இன்னும் பெரியது. கண்புரை வயதோடு வருவதுதான். ஆனால் அறுவைக்குப் பின் பார்வை திரும்புகிறது.

பழுதைத் தேடச் சொல்லும் இந்தப் பேச்சுக்கு நேர் எதிரான குரல் ஒன்றும் இதே மண்ணிலிருந்து எழுந்தது. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலை ஒட்டிய வீட்டில், 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர் ரமண மகரிஷி. 1896இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவரை அழைத்துவர, 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் சென்றார். மகன் பேசவில்லை, எழுதிக் கொடுத்தார். அவரவர் பிராரத்தப்படி அதற்கானவன் ஆட்டுவிக்கிறான், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது என்ன தடை செய்தாலும் நில்லாது, ஆகவே மௌனமாக இருத்தல் நன்று என்பது அதன் கருத்து. ஊழை ஓர் அதிகாரமாக வைத்த திருக்குறள், ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில் தளராத முயற்சி ஊழையும் தோற்று ஓடச் செய்யும் என்கிறது. இரண்டும் மோதுவதுபோலத் தோன்றும். பின்னாளில் ரமணரே, தனி மனிதன் என்ற எண்ணம் இருக்கும்வரை முயற்சிக்கும் விருப்பத்துக்கும் இடம் உண்டு என்று விளக்கியிருக்கிறார்.

ரமணரின் உள்ளது நாற்பது என்ற நூலின் அனுபந்தத்தில் அவர் பாடிய ஒரு வெண்பா வண்டியையே உவமையாக எடுக்கிறது. வண்டியில் உறங்குகிறவனுக்கு வண்டி போவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது, மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டி தனியே கிடப்பதும் தெரியாது. உடல் என்ற வண்டிக்குள் உறங்கும் ஞானிக்கு உடலின் செயலும் நிட்டையும் உறக்கமும் அப்படியே. குலுக்கலைப் பற்றிய விசாரணை இங்கே மூன்றாவது இடத்துக்கு வந்து சேர்கிறது. சாலை எப்படி, வண்டி எப்படி என்பதற்குப் பிறகு, குலுங்குவது யார் என்பது.

இந்த உவமையில் சொல்லப்படாததையும் கவனிக்க வேண்டும். வண்டி குலுங்கவில்லை என்று அது சொல்லவில்லை. உறங்குகிறவன் பயணி. மாட்டை ஓட்டுகிறவனும், அச்சுக்கு மசகு போடுகிறவனும், கடையாணி இருக்கிறதா என்று பார்க்கிறவனும் விழித்திருக்க வேண்டும். ரமணரின் கையில் புற்றுக்கட்டி வந்தபோது 1949இல் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் அறுவை செய்தார்கள், அவர் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நின்றது. வண்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களை வேலை செய்ய விட்டது, வண்டிக்குள் உறங்கியவரின் நிலைக்கு முரணாகவில்லை.

ஆகவே மூன்றாவது கேள்வி முதல் இரண்டுக்கும் பதிலாக வர முடியாது. பின் இருக்கையில் பிரசவத்துக்குப் போகிற பெண் இருக்கிறாள், அல்லது முதுகெலும்பு தேய்ந்த ஒரு பாட்டி இருக்கிறார் என்றால், 'குலுங்குவது உடல்தான்' என்று அவர்களிடம் சொல்வது ஞானம் ஆகாது. அது செத்த ஷாக்கை மாற்றாததற்குச் சொல்லும் சாக்கு. தன் குலுக்கலைப் பற்றி ஒருவர் பிராரத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பிறருடைய குலுக்கலுக்கு அந்தச் சொல்லை எடுக்கும்போது அது தத்துவமாக நிற்பதில்லை, கைவிடுதலாகிவிடுகிறது.

வேலை முடிந்த வண்டியை அதே சாலையில், அதே வேகத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷாக்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி சாய்ந்து ஆடும். இப்போதும் மிஞ்சும் அசைவு கரிசலுடையது. அடுத்த மழைக்குப் பின் அது கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.