கூடத்தில் ஒரு சைக்கிள்

ட்ரெட்மில்லா, சைக்கிளா என்று வீட்டில் பேச்சு நடந்தபோது, தெருவில் நடந்தால் ஆகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இருட்டிய பின் பெண்ணுக்குத் தெரு கிடையாது என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது.

1818இல் வில்லியம் கியூபிட் இங்கிலாந்துச் சிறைகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரத்திலிருந்து வந்த பெயர்தான் ட்ரெட்மில். கைதிகள் மணிக்கணக்கில் ஏறினார்கள், எங்கும் போய்ச் சேரவில்லை. சில சிறைகளில் பெண்களும் மிதித்தார்கள். அதற்காக, இக்கருவி வாங்குகிறவளைக் கைதி என்று நான் சொல்ல மாட்டேன். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெரு திருந்தும்வரை இதயம் காத்திருக்குமா?

நான் சைக்கிள் கேட்டேன். மூட்டுக்கு இதம், கீழ்வீட்டுக்குச் சத்தமில்லை. படுக்கையறையில் போட்டால் துணி உலர்த்தும் கொடியாகிவிடும். கூடத்தில் போடச் சொன்னேன். நான் மிதிக்கும் அரைமணி நேரம் காபி யார் போடுவது என்பதையும் அங்கேயே, எல்லோர் எதிரிலும் பேச வேண்டியிருக்கிறது.