சிவப்பும் ஓர் அளவை

மாந்தையில், திருக்கேதீச்சரத்துக்குக் கிட்ட இருந்துதான் மென்பொருள் எழுதுகிறேன். நிரலைத் தானாகச் சோதிக்கும் ஜென்கின்ஸில் ஒரு யூனிட் டெஸ்ட் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை மட்டும் சிவப்பாகும். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது. டெஸ்ட் எதிர்பார்ப்பதோ இலங்கைத் தேதியை.

"விடிய ஓட்டுங்கோ தம்பி, பச்சை வரும்" என்றார் மூத்தவர். வரும்தான். அந்தப் பச்சை எதற்குச் சாட்சி?

காட்சி, கருதல், உரை என அறியும் வழிகளாகிய அளவைகளை வகுக்கும் சைவ சித்தாந்தம், ஐயமும் திரிபும் நீங்கியதையே மெய்க்காட்சியாக ஏற்கும். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லாததைக் காட்ட முடியாது என்பது கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் வாதம். ஆகவே பச்சையை நான் கும்பிடுவதில்லை.

டெஸ்ட்டின் கடிகாரத்தை இலங்கை நேரம் அதிகாலை 2 மணியில் நிறுத்திவைத்தேன். இப்போது நடுப்பகலிலும் சிவப்பு. ஐயம் தீர்ந்தது, இனித் திருத்தலாம்.