அழிக்கும் வசதியும் அழிக்கும் உரிமையும்

ஒரு பொருளை அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு? கணினித் துறையில் நாளாந்தம் நடக்கும் சின்ன விடயம் ஒன்றை வைத்தே இக்கேள்வியை எழுப்பலாம்.

இன்றைய உலாவிகளுக்குள் இன்டெக்ஸ்ட்-டிபி என்றொரு தரவுத்தளம் இருக்கிறது. இணையத் தளங்கள் தமக்கு வேண்டிய தகவல்களைப் பாவனையாளரின் கணினியிலேயே அதில் சேமிக்கின்றன. நிரலாளர் தரவின் அமைப்பை மாற்றும்போது பழைய தரவு புதிய நிரலோடு ஒத்துவராது, பிழைகள் தோன்றும். அவர் தன் உலாவியின் சேமிப்பைத் துடைத்துவிடுவார். பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடும்.

அதில் தவறில்லை. அவர் துடைத்தது பரீட்சைக்காகத் தானே இட்ட தரவு. ஆனால் பாவனையாளரின் கணினியில் பழையது அப்படியே கிடக்கிறது. இணைப்பு இல்லாத வேளையில் அவர் எழுதி, சேர்வருக்கு இன்னும் போய்ச்சேராத கடிதம் ஒன்று அதற்குள் இருக்கலாம். அதற்கு வேறு பிரதி கிடையாது. 'நீங்களும் துடைத்துவிடுங்கள்' என்று அவரிடம் சொல்வது, எமது வேலையின் மிச்சத்துக்கு அவரிடம் விலை அறவிடுவதாகும்.

வழி இல்லாமலில்லை. தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணைக் கூட்டினால், பழையதைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுசெல்ல உலாவியே சந்தர்ப்பம் தருகிறது. அந்த வேலைக்கு அத்துறையினர் வைத்திருக்கும் பெயர் மைகிரேஷன். தமிழில் சொன்னால், புலப்பெயர்வு.

புரோசார்டில் இருப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. மொன்றியலுக்குப் போகும் பழைய சாம்பிளேன் பாலம் 1962இல் திறக்கப்பட்டது. அது பழுதடைந்த பிறகும் உடனே இடிக்கப்படவில்லை. 2019இல் புதிய பாலம் திறந்து, வாகனங்கள் அதற்கு மாறிய பின்னர், 2020இல்தான் பழையதைக் கழற்றத் தொடங்கினார்கள்.

அகதியாக வந்தவர்களுக்கு, 'பழையதை மறந்து புதிதாகத் தொடங்கு' என்ற அறிவுரை நன்கு பழக்கமானது. சொல்பவருக்கு அது சுலபம். துடைக்கப்படுவது அவருடையதல்ல. மறக்க விரும்புகிறவர் மறக்கட்டும். பொது நூலகக் கணினியில் தன் தடயத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போகிறவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. அது அவருடைய பொருள், அவருடைய முடிவு. இன்னொருவரின் ஒரே பிரதி எமது கையில் இருக்கும்போதோ, அதைப் பத்திரமாக மறுகரை சேர்ப்பதுதான் எமது முதல் வேலை. துடைப்பதைப்பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.