பள்ளமும் மெருகும்

என் நண்பர் ஒருவருக்குப் பாகப் பிரிவினையில் பாட்டனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி வந்து சேர்ந்தது. பர்மிங்ஹாமில் செய்த பழைய 12 போர். வெளிப்புறம் இரண்டு குதிரைகள், அக்ரூட் மரக் கட்டை, குழல்களின் மேல் தண்ணீர்ச் சுழிபோல் ஓடும் ரேகைகள். இரும்பையும் எஃகையும் கீற்றுகளாகச் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல்கள் அவை. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்க வெகு அழகு.

நண்பருக்கு அதனால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. வேட்டை 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று. அது போகாவிட்டாலும் அவர் கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிறவர். ஆனால் அவர் மைத்துனருக்குத் தோட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, காட்டுப் பன்றிகளின் தொல்லையும் இருக்கிறது. துப்பாக்கியைச் சீர்செய்து, முறைப்படி எழுதிக் கொடுத்து, அவரிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது யோசனை. பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் சொல்கிறது. அப்படி லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவரைத் தேடிப்போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன்.

பெரியவர் முதலில் தோட்டா உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு குழல்களைக் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டு, மற்றொரு கையால் சுண்டினார். வெண்கலக் கிண்ணம்போல் ‘ணங்’ என்றது. சந்தையில் பானை வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பாளே, அதே சாஸ்திரந்தான். இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பற்று விட்டிருந்தால் சத்தம் மட்டிப்போகுமாம். நண்பர் முகம் மலர்ந்தது. அடுத்தாற்போல் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்களையும் பார்க்கச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்புபோல் பள்ளம் பள்ளமாக இருந்தது. கரிமருந்து எரிந்தபின் தங்கும் கசடு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் வைத்த ஒவ்வொரு நாளும் இரும்பைக் கொஞ்சம் தின்றிருக்கிறது.

“உள்ளே மெருகு போட்டுக் கண்ணாடி மாதிரி பண்ணிவிட முடியாதா, ஐயா?” என்று கேட்டார் நண்பர்.

“முடியும் ஸார். நாலு நாள் வேலை. அப்புறம் நானே பார்த்தாலும் பள்ளம் தெரியாது.”

“பின்னே என்ன?”

“பள்ளத்தை யாரும் எடுக்க முடியாது ஸார். பள்ளத்தைச் சுற்றி இருக்கிறதைத்தான் எடுக்க முடியும்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் கணக்கு ஒன்று இருக்கிறது. மெருகேற்றுவது என்றால், சுற்றிலும் உள்ள நல்ல இரும்பைப் பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருவது. குழல் பளபளக்கும். முன்னே சில இடங்களில் மட்டும் மெலிந்திருந்தது, இப்போது எல்லா இடத்திலும் மெலிந்திருக்கும். இருந்த பலத்தையும் இழந்து, இல்லாத பலத்தின் தோற்றத்தை வாங்கிக்கொள்கிறோம். ஒருநாள் குழல் வெடித்தால், முதலில் போவது அதன் அடியில் ஏந்திப் பிடித்திருக்கும் கை. அந்தக் கை மெருகு போட்டவனுடையதல்ல, நம்பி வாங்கியவனுடையது.

அதே பெரியவர் மரக்கட்டையில் இருந்த அமுங்கல்களைச் சரிசெய்ய உடனே சம்மதித்தார். ஈரத் துணியை மேலே போட்டுச் சூட்டுக்கோலால் ஒற்றினால், ஆவி புகுந்து நசுங்கிய நார் எழும்பிவிடும். அங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை; அமுங்கித்தான் இருந்தது. குழலிலோ ஒரு பகுதி போயே போய்விட்டது. அமுங்கினதை எழுப்புவது பழுது பார்ப்பது. போனதை இருப்பதாகக் காட்டுவது வேறு காரியம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை உபயோகிக்கிறோம் என்பதில்தான் மோசம் இருக்கிறது.

பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. 1813இல் சட்டம் செய்து அங்கே ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தை வைத்து ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். முத்திரை வாங்கினதோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. குழலின் உள்விட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து 9 அங்குலத்தில் அளப்பார்கள். முத்திரையில் கண்ட அளவுக்குமேல் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கூடிவிட்டால், பழைய முத்திரை அதற்காகப் பேசாது. மறுபடி சோதனைக்குப் போகவேண்டும். போகாமல் விற்றால் 1868ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

தூக்கம் வராததற்குக் காரணம் இந்தச் சட்டமல்ல. பல வருஷங்களுக்கு முன் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குத் தம் பெண்ணைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்திருந்தார். அவன் குடிப்பது எனக்குத் தெரியும். குடித்தால் பெற்ற தாயைக் கை ஓங்குவதும் தெரியும். “கொஞ்சம் துடுக்கு. ஆனால் தங்கமான மனசு. கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். வார்த்தைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது என் தொழில். வேலை நன்றாகவே அமைந்தது. மூன்று வருஷத்துக்குள் அந்தப் பெண் கைக்குழந்தையோடு தகப்பனார் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவர் பிற்பாடு என்னைப் பார்த்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மனிதனைத் துப்பாக்கியோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரும்பு திருந்தாது, மனிதன் திருந்துவான். ஒருவனுடைய பழைய பள்ளங்களை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவது தர்மமும் ஆகாது. அவன் திருந்தக்கூடும் என்று நான் நம்பியதும் பொய்யல்ல. ஆனால் நம்பிக்கை வேறு, முத்திரை வேறு. நம்புகிறேன் என்று சொல்லி, தெரிந்ததையும் சொல்லியிருந்தால், முடிவு செய்வது அந்தத் தகப்பனாரின் பொறுப்பாக இருந்திருக்கும். நான் சோதிக்காமல் முத்திரை குத்தினேன். சோதனைச் சாலையில் குழலை யாரும் கையில் பிடித்துக்கொண்டு சுடுவதில்லை. அடைத்த அறைக்குள் வைத்து, ஆள் வெளியே நின்று விசையை இழுப்பார்கள். நான் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கி வந்தது. கட்டை புதுசுபோல் மின்னியது. குதிரைகள் எண்ணெய் குடித்து இதமாக அசைந்தன. குழலை மட்டும் பெரியவர் துடைத்ததோடு விட்டிருந்தார். விசைக் காப்பு வளையத்தில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது: “குழல் உள்ளே அரிப்பு. சுடத் தகாது.”

மைத்துனர் வேண்டாம் என்றுவிட்டார். நண்பர் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். எப்போதாவது யாராவது கேட்டால் வெளியே எடுத்துக் காட்டுவார். போன மாதம் நான் போனபோதும் காட்டினார்.

“இந்தச் சீட்டு மட்டும் இல்லாவிட்டால் எவ்வளவு லட்சணமாக இருக்கும், பாருங்கள்” என்றார்.

ஆனால் அவர் அதை அவிழ்க்கவில்லை.