ஒரே கூரையும் பல கொடிகளும்

நிலம் ஒருவருடையது, குடியிருப்பு மற்றொருவருடையது. இவ்விருவரையும் பிணைப்பது குத்தகைப் பத்திரம். அப்பத்திரத்தில் உரிமையாளர் எத்தகைய கட்டுப்பாடுகளை விதிக்கலாம்? ‘என் சொத்து, என் விருப்பம்’ என்று கூறிவிடுவது எளிது. அறத்தின் முன் அந்தப் பதில் நிற்குமா?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் அயல்நாட்டுத் தூதரகம். தூதரகம் நிற்கும் மண் அயல்நாட்டு மண்ணாகிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. மண் அந்தந்த நாட்டுக்கே உரியது. ஆயினும் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவின்படி, தூதரகத் தலைவரின் இசைவின்றி அந்நாட்டு அலுவலர் எவரும் உள்ளே நுழையலாகாது. அதே உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு மறுபக்கத்தை உரைக்கிறது: தூதர் அந்நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும்; தூதுப் பணிக்குப் பொருந்தாத எதற்கும் கட்டடத்தைப் பயன்படுத்தலாகாது. ஆகவே, பாதுகாப்புப் பெற்றவருக்குக் கடமையும் உண்டு.

இலண்டனில் பிரெஞ்சு அரசு ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தன் தூதரக அலுவலர் ஒருவரைக் குடியமர்த்தியது. வீட்டின் மரப்பகுதிகள் உளுத்துப்போயின. பழுதுபார்க்க உள்ளே வர உரிமையாளருக்கு ஒப்பந்தம் இடமளித்தும், குடியிருந்தவர் இசையவில்லை. 1983இல் இவ்வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், தூதரக அலுவலருக்குரிய விலக்குரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வாக்கை மீறியதற்கான இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து பிரெஞ்சு அரசு தப்ப முடியாது என்றது. நுழையும் உரிமை தடைப்படலாம். கொடுத்த வாக்கு அதனால் அழிந்துவிடுவதில்லை.

பல நாடுகள் ஒரே வளாகத்தில் வாழும்போது இது மேலும் நுட்பமாகிறது. பெர்லின் நகரில் டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் 1999இல் கூட்டுத் தூதரக வளாகம் ஒன்றைத் திறந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டடம். அனைவருக்கும் ஒரு பொது இல்லம். சுற்றிலும் ஒரே செம்புத் தகட்டு மதில். இத்தகைய இடத்தில் வாயிலைக் காப்பவர் யார்? ஒரு நாடு தன் பகுதியை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடலாமா? பொதுச் செலவை எப்படிப் பங்கிடுவது? இவற்றையெல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்த்தாக வேண்டும். அவ்வாறு பேசுவோர் கட்டடத்தின் பயன்பாட்டுக்கு எல்லை வகுக்கின்றனர். அண்டையிலிருப்பவர் யாராக இருக்க வேண்டும், எப்படி வழிபட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை.

இதுவே நாம் தேடும் உரைகல். செயலுக்கு எல்லை வகுக்கும் கட்டுப்பாடு அறமானது. அது அடுத்தவரையும் கட்டடத்தையும் காக்கிறது. ஆளையே எடைபோடும் கட்டுப்பாடு அறமற்றது. அது உரிமையாளரின் செருக்கை மட்டுமே காக்கிறது.

திருவண்ணாமலையை எண்ணிப் பாருங்கள். முழுநிலவு இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எல்லாச் சாதியினரும் தோளோடு தோள் உரச நடக்கின்றனர். சாலையில் யாரும் யாரையும் ‘நீ யார்?’ என்று வினவுவதில்லை. விடிந்தபின் அதே ஊரில் வாடகை வீடு தேடிச் செல்லும் ஏழைக் குடும்பத்திடம், முன்பணத்தைப் பற்றிப் பேசுமுன்னரே, ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது; ஆனால் வாசலில் வாய்மொழியாகச் சொல்லப்படும் மறுப்பு எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. கிறிஸ்தவ வீட்டு உரிமையாளர்களும் இதற்கு விலக்கல்லர் என்பது வேதனையான உண்மை. கோவிலில் ஒரே திருவுணவை உண்டவருக்கு நம் வீட்டு மாடியில் இடமில்லை என்றால், அந்த உணவால் நாம் பெற்ற ஒன்றிப்பு என்ன?

லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் நிலத்தை நிரந்தரமாக விற்பதைத் தடுக்கிறது. யூபிலி ஆண்டு வரை எத்தனை அறுவடைகள் எஞ்சியுள்ளனவோ அதற்கேற்பவே விலையைக் கணக்கிடப் பணிக்கிறது. நிலம் கடவுளுடையது, மனிதர் அவரிடம் தங்கியிருப்போரே என்பது அதன் அடிப்படை. அப்படியானால் வாடகைக்கு விடுபவரும் ஒரு குடியிருப்பாளரே. தமக்கு மேலிருக்கும் உரிமையாளர் தம்மிடம் சாதி கேட்டு இடம் தரவில்லை என்பதை அவர் மறக்கலாமா?

ஆகவே, பத்திரம் எழுதுங்கள். வாடகையையும் காலத்தையும் பழுதுபார்க்கும் பொறுப்பையும் தெளிவாக எழுதுங்கள். வருபவரின் பிறப்பைப் பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.